மண்ணெல்லை காத்தவரும் மொழியெல்லை காப்பவரும்

ஓரினத்திற்கு எல்லைகள் இரண்டு. ஒன்று மண்ணெல்லை, மற்றொன்று மொழியெல்லை. மண்ணெல்லை சுருங்கினால் இனம் தன் வாழிடத்தை இழக்கும். மொழியெல்லை கரைந்தால் இனம் தன்னையே இழக்கும். இவ்விரண்டனுள் ஒன்றைக் காப்பார் மற்றொன்றைக் கருதாது விடுவதும், கருதுவாரை இகழ்ந்துரைப்பதும் தமிழ்நாட்டு அரசியலின் நெடுநாளைய நோய். அந் நோயின் இயல்பை உள்ளவாறு அறியவேண்டுவார்க்கு ம.பொ.சிவஞானம் அவர்களின் வாழ்வைப் போலத் தெளிவான பாடம் வேறில்லை.

அவரைப் பற்றி நம் அன்பர்களிடையே இருவகைக் கருத்துகள் உலவுகின்றன. "திருத்தணி மீட்டார், தலைநகர் காத்தார்" என்று மாலையிட்டு வணங்கி, அவ்வளவில் அமைவார் ஒருசாரார். "வாழ்நாள் முழுதும் தில்லியின் நிழலிலேயே நின்றவர், நமக்கும் அவர்க்கும் என்ன உறவு?" என்று ஒதுக்குவார் மற்றொரு சாரார். இருசாரார் கூற்றிலும் உண்மை உண்டு. இருசாரார் கூற்றும் அரை உண்மையே. ஒருவர் செய்த பணியை அளவிட்டு நன்றி கூறுதலும், அவர் நின்றுவிட்ட இடத்தைச் சுட்டி அதற்கப்பால் நடத்தலுமே இயக்கத்தார்க்கு அழகு. அம் முயற்சியே இக் கட்டுரை.

எழுத்துக் கோத்த கை

1906-ஆம் ஆண்டு சூன் 26-ஆம் நாள் சென்னையில் ஏழைக் குடியொன்றில் பிறந்தவர் ம.பொ.சி. தந்தையார் பொன்னுசாமி, தாயார் சிவகாமி. வறுமை அவரை மூன்றாம் வகுப்போடு பள்ளியிலிருந்து வெளியேற்றியது. பின்னர் அவர் வாழ்வு அச்சகத்தில் எழுத்துக் கோப்பவராகக் கழிந்தது. கல்லூரிப் படியை மிதியாத அவர்க்கு ஈய எழுத்துகளே ஆசிரியர்களாயின. பிறர் எழுதியதைக் கோத்த கை பின்னாளில் தானே எழுதத் தொடங்கி நூற்றுக்கும் மேற்பட்ட நூல்களை ஈன்றது. பட்டம் பெற்றாரே தமிழ் பேசக் கூசிய காலத்தில், பட்டமற்ற ஒருவர் மணிக்கணக்கில் தடையின்றித் தமிழ் பொழிந்தார் என்பதை நம் இளைஞர் மறத்தலாகாது.

பேராயக் கட்சியின் (காங்கிரசின்) தொண்டராகவே அவர் அரசியலில் நுழைந்தார்; பன்முறை சிறை புகுந்தார். 1942-ஆம் ஆண்டுப் போராட்டத்தில் தளைப்பட்டு, வடக்கே அமராவதிச் சிறையில் அடைபட்ட காலத்தில் உடல் நலிந்தது. அங்குப் பெற்ற வயிற்று நோய் அவரை இறுதிவரை விடவில்லை. ஆயின் அச் சிறை வாழ்வே அவர்க்குச் சிலப்பதிகாரத்தையும் தந்தது. சேர சோழ பாண்டிய நாடுகள் மூன்றையும் ஒரு கதைக்குள் பிணைத்த இளங்கோவடிகளின் பாவியம், சிறைக்குள் இருந்த ஒரு பேராயக் கட்சித் தொண்டரைத் தமிழ்நாட்டு எல்லையை எண்ணும் மாந்தராக மாற்றியது. 'சிலம்புச் செல்வர்' என்று நாடு அவரை அழைத்ததன் உட்பொருள் இதுவே.

1946-இல் அவர் தமிழரசுக் கழகத்தைத் தொடங்கினார். அதன் கொடியில் வில்லும் புலியும் கயலும் பொறிக்கப்பெற்றன. வெள்ளையன் இன்னும் வெளியேறாத காலம் அது. அவன் வெளியேறிய பின்னர்த் தமிழர்க்கு எது எஞ்சும் என்னும் வினாவைப் பேராயக் கட்சிக்குள்ளிருந்தே எழுப்பியவர் மிகச் சிலர். அவருள் முன்னின்றவர் இவர்.

தலைநகர் கேட்டார் தெலுங்கர்

சென்னை தமிழர்க்குரியது என்பது இன்று எவர்க்கும் ஐயமற்ற செய்தி. ஆயின் 1952-53-ஆம் ஆண்டுகளில் அஃது அவ்வாறில்லை. தெலுங்கர் தங்களுக்குத் தனி மாநிலம் கேட்டனர். அக் கோரிக்கை நேரியது. அதனோடு சென்னையையும் சேர்த்துக் கேட்டனர், அதுவே வழக்கு. "மதராசு மனதே" என்னும் முழக்கம் இந் நகரத் தெருக்களிலேயே ஒலித்தது. சென்னைமேல் கொண்ட உரிமையை விட்டுக்கொடுத்தால் ஆந்திரம் அமைக்கலாம் என்று நேரு, பட்டேல், பட்டாபி சீதாராமையா ஆகிய மூவர் குழு 1949-இலேயே கூறியிருந்தும் அம் முழக்கம் ஓயவில்லை. 1952 அக்டோபரில் உண்ணாநோன்பு தொடங்கிய பொட்டி சிறீராமுலு அவ்வாண்டு திசம்பர் 15-ஆம் நாள் சென்னையிலேயே உயிர் நீத்தார். அவ்வுயிர் ஈகத்தின்பின் ஆந்திர நிலமெங்கும் எழுந்த கொந்தளிப்பில், இடைக்காலத்திற்கேனும் ஆந்திரத் தலைமையிடம் சென்னையில் இருக்கட்டும் என்னும் பேச்சும் வலுப்பெற்றது. இடைக்காலம் என்று வந்து அமர்ந்தது எழுந்து சென்ற வரலாறு அரிது.

அந் நெருக்கடியில் "தலையைக் கொடுத்தேனும் தலைநகரைக் காப்போம்" என்று முழங்கி மக்களைத் திரட்டியவர் ம.பொ.சி. கட்சி வேறுபாடு கடந்து பலரும் சென்னைக்காகக் குரல் கொடுத்தனர் என்பது உண்மை. அன்றைய முதலமைச்சர் இராசகோபாலாச்சாரியாரும் தந்தை பெரியாரும் இதில் ஒருபக்கமே நின்றனர். ஆயினும் பிறர்க்கு அது பல வேலைகளுள் ஒன்று. அவர்க்கு அதுவே வேலை. 1953 அக்டோபர் 1-ஆம் நாள் ஆந்திர மாநிலம் கர்நூலைத் தலைநகராகக் கொண்டு பிறந்தது. சென்னை நின்றது.

வேங்கடம் போயிற்று, திருத்தணி நின்றது

தமிழகத்தின் வடவெல்லை வேங்கடம் என்பது தொல்காப்பியத்தின் சிறப்புப் பாயிரம் காட்டும் வரையறை. அவ் வேங்கடத்தையும் சித்தூர், புத்தூர், திருத்தணி முதலிய பகுதிகளையும் உள்ளடக்கிய சித்தூர் மாவட்டம் முழுமையும் ஆந்திரத்திற்கு அளிக்கப்பெற்றது. வீட்டில் தமிழும் வெளியில் தெலுங்கும் பேசி வாழ்ந்த மக்கள் ஒரே நாளில் அயல்மாநிலத்தார் ஆயினர்.

இப் பகுதியின் தமிழுணர்வைக் கட்டிக்காத்தவர் மங்கலங்கிழார் என்னும் தமிழாசிரியர். ஊர் ஊராகச் சென்று ஊதியம் கருதாது தமிழ் கற்பித்த அப் பெரியார் இட்ட வித்தே வடவெல்லைப் போராட்டமாக முளைத்தது. அவ்வழைப்பை ஏற்று வடக்கே சென்ற ம.பொ.சி. அங்கு மறியலும் கடையடைப்பும் நடத்தினார், 1953-இல் தளைப்பட்டார். அப் போரில் சிறைப்பட்டாரும் அடிபட்டாரும் பலர். உயிர் ஈந்தாரும் உளர். தம் கட்சித் தலைமை இப் போராட்டத்தை விரும்பாமையும், தாம் அதனைக் கைவிடாமையும் முரண, 1954-இல் அவர் பேராயக் கட்சியினின்று வெளியேறினார். கால் நூற்றாண்டுக் காலம் உழைத்த கட்சியை எல்லைக்காகத் துறந்தவர் என்பது அவர் வாழ்வின் தலையாய செய்தி. பொறுப்புக்காகக் கட்சி மாறுவார் பலரைக் கண்ட நாட்டில், மண்ணுக்காகக் கட்சி துறந்தார் எத்துணைப் பேர்?

படாசுகர் என்பார் நடுவராக அமைந்து செய்த உடன்பாட்டின்படி, 1959-இல் சட்டமியற்றப்பெற்று, 1960 ஏப்பிரல் 1-ஆம் நாள் திருத்தணி வட்டத்தின் பெரும்பகுதி தமிழகத்தோடு இணைந்தது. மாறாகத் தமிழகத்தின் ஊர்கள் சிலவும் ஆந்திரத்திற்குப் போயின. திருப்பதியும் சித்தூரும் புத்தூரும் திருக்காளத்தியும் மீளவில்லை. கேட்டது பெரிது, பெற்றது சிறிது. ஆயின் அச் சிறிதும் தில்லி மனமுவந்து தந்ததன்று; போராடிப் பெற்றது.

தென்னெல்லை புகட்டும் பாடம்

தெற்கே போர்க்களம் வேறு, தலைவரும் வேறு. மார்சல் நேசமணி தலைமையில் திருவிதாங்கூர்த் தமிழ்நாட்டுப் பேராயக் கட்சி அங்குப் போரிட்டது. 1954 ஆகத்து 11-ஆம் நாள் பட்டம் தாணுப்பிள்ளை ஆட்சியின் துப்பாக்கிகளுக்குத் தமிழர் உயிர்கள் இரையாயின. ம.பொ.சி.யும் அவர்தம் கழகமும் அப் போராட்டத்திற்குத் துணை நின்றனர். 1956 நவம்பர் 1-ஆம் நாள் அகத்தீசுவரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்களும் செங்கோட்டையின் ஒரு பகுதியும் தாய்நிலத்தோடு சேர்ந்தன.

ஆனால் தேவிகுளமும் பீர்மேடும் வரவில்லை. அங்குத் தேயிலைத் தோட்டங்களில் உழைத்தவர் பெரும்பாலும் தமிழரே. பசல் அலி, குன்சுரு, பணிக்கர் ஆகிய மூவர் அமைந்த மாநிலச் சீரமைப்பு ஆணையம் அவ்விரு வட்டங்களையும் கேரளத்திற்கே விட்டது. தமிழகத்தை ஆண்ட பேராயக் கட்சியும் அதற்கு உடன்பட்டு ஓய்ந்தது.

அவ் விழப்பின் விலை என்ன? முல்லைப் பெரியாற்று அணை 1895-இல் கட்டி முடிக்கப்பெற்றது. 1886-ஆம் ஆண்டு உடன்படிக்கையின்படி 999 ஆண்டுக் குத்தகையில் தமிழகம் ஆளும் அவ்வணை நிற்குமிடம் பீர்மேடு வட்டம். தேனி, மதுரை, திண்டுக்கல், சிவகங்கை, இராமநாதபுரம் ஆகிய மாவட்டங்களின் வயலும் வாயும் அவ்வணையை நம்பியுள்ளன. நீர்மட்டத்தை 142 அடிக்கு உயர்த்தலாம் என்று 2006-இல் உச்சநயன்மன்றம் கூறிய பின்னரும் கேரளம் தனிச்சட்டம் இயற்றித் தடுத்தது. அச் சட்டம் செல்லாதென 2014-இல் மீண்டும் தீர்ப்புப் பெறவேண்டியிருந்தது. தம் பணத்தில், தம் பொறுப்பில் பேணும் அணையைச் செப்பனிடச் செல்லும் தமிழகப் பொறியாளர், அயல் மாநிலத்தின் இசைவுக்குக் காத்திருக்கும் நிலை 1956-இல் விளைந்தது. எல்லை என்பது நிலப்படத்தில் இழுக்கும் கோடு என்று எண்ணுவார், அக் கோட்டின் வழியே தண்ணீர் பாய்வதை அறியாதார்.

அவர் நின்ற இடம்

இதுவரை கூறியவை ம.பொ.சி.க்கு நாம் பட்டுள்ள கடன். இனி அவர் நின்றுவிட்ட இடத்தைக் கூறவேண்டும்.

அவர் வேண்டியது 'சுயாட்சித் தமிழகம்'. இந்திய ஒன்றியத்திற்குள் தமிழர்க்குத் தன்னாட்சி வேண்டும் என்பதே அவர்தம் கொள்கையின் மேல்வரம்பு. திராவிட நாட்டுக் கோரிக்கையை அவர் கடுமையாக எதிர்த்தார். நான்கு மொழியார்க்கும் ஒரே நாடு கேட்பார், தெலுங்கரிடமும் மலையாளியரிடமும் எல்லை கேட்டுப் போராடுவது யாங்ஙனம் என்று அவர் எழுப்பிய வினாவில் கூர்மை இருந்தது. தி.மு.கழகம் 1963-இல் அக் கோரிக்கையைக் கைவிட்டது. அவர் வினாவுக்கு விடை சொல்லி அன்று, சட்டத் தடைக்கு அஞ்சியே கைவிட்டது.

ஆயின் அவரைப் பார்த்து நாம் எழுப்பும் வினாவும் ஒன்றுண்டு. எல்லையைக் காத்தீர், அவ்வெல்லையைக் காக்கும் உரிமை எவர் கையில் உள்ளது? இந்திய அரசமைப்பின் மூன்றாம் கூறு, எந்த மாநிலத்தையும் பிரிக்கவும் சேர்க்கவும் அதன் எல்லையைக் கூட்டவும் குறைக்கவும் நாடாளுமன்றத்திற்கு உரிமை தருகிறது. அம் மாநிலச் சட்டமன்றத்தின் கருத்தைக் கேட்கவேண்டும்; ஏற்கவேண்டுவதில்லை. சென்னையைக் கேட்ட அதே ஆந்திரத்தின் கதையைப் பாருங்கள். 2014 சனவரியில் ஆந்திரச் சட்டமன்றம் தெலங்கானச் சட்ட முன்வரைவை மறுத்தது. அவ்வாண்டு சூன் 2-ஆம் நாள் தெலங்கானம் பிறந்தது. தெலங்கான மக்களின் கோரிக்கை நேரியதா அன்றா என்பது வேறு வழக்கு. சட்டமன்றத்தின் சொல்லுக்கு மதிப்பில்லை என்பதே இங்குக் கருதத்தக்கது. 2019-இல் காசுமீரம் மாநிலமாகவே இல்லாமற்போயிற்று. அதன் சட்டமன்றம் அப்போது கலைந்து கிடந்தது.

கடலெல்லையும் அவ்வாறே. கச்சத்தீவு 1974-இல் இந்திரா, சிறீமாவோ இருவரின் கையெழுத்தால் இலங்கைக்குப் போயிற்று. நிலத்தை அயல்நாட்டிற்கு அளிக்க அரசமைப்பைத் திருத்தவேண்டும் என்று பெரூபாரி வழக்கில் 1960-இலேயே உச்சநயன்மன்றம் கருத்துரைத்திருந்தும், "அது நம் நிலமே அன்று" என்று கூறித் தில்லி அத் திருத்தத்தைத் தவிர்த்துக்கொண்டது. வங்காளத்தின் சிற்றூர்க்குக் கிடைத்த மதிப்பு இராமநாதபுரத்துத் தீவுக்குக் கிடைக்கவில்லை. திருத்தணிக்காகத் தெருவில் நின்ற தமிழகம் கச்சத்தீவுக்குச் சட்டமன்றத்தில் வருத்தம் தெரிவித்து அமைந்தது.

ம.பொ.சி. திருத்தணியைப் பெற்றது மெய். ஆனால் அதனைத் தந்த கையே அதனைப் பறிக்கவும் உரிமையுடைய கை. காவலர் வாயிலில் நிற்கிறார்; திறவுகோல் வேறொருவர் மடியில் இருக்கிறது. இதனை அவர் அறியாதவரல்லர். அறிந்தும், இந்திய ஒருமையின்மேல் வைத்த நம்பிக்கையால் திறவுகோலைக் கேளாமலே விட்டார். அவர்தம் அரசியலின் பெருங்குறை இதுவென்க.

மொழியெல்லையில் அவர்

மொழியைப் பொறுத்தவரை அவர்க்குரிய பெருமையையும் நாம் மறைக்கவேண்டுவதில்லை. இந்தியை எதிர்க்கிறோம் என்று ஆங்கிலத்தை அரியணையில் ஏற்றுவது தமிழ்க்காப்பு ஆகாது என்று அவர் இடைவிடாது கூறினார். கல்லூரி வரை தமிழே பயிற்றுமொழியாதல் வேண்டும் என்று வழக்குரைத்தார். தி.மு.கழகத்தை நெடுநாள் எதிர்த்த அவர், 1967-இல் அக் கழகத்தோடு உடன்பாடு கொண்டு தியாகராயர் நகரில் வென்று சட்டமன்றம் புகுந்தார். ஆயினும் அப் பயிற்றுமொழிக் கொள்கையை விட்டாரில்லை. அவர் அஞ்சியதே நடந்தது. ஐந்தாம் வகுப்பு வரை தாய்மொழிக் கல்வி என 1999-இல் பிறந்த அரசாணை, அடுத்த ஆண்டே நயன்மன்றத்தில் வீழ்ந்தது. 2012-13-இல் அரசுப் பள்ளிகளிலேயே ஆங்கிலவழி வகுப்புகள் பெருகின. சென்னை உயர்நயன்மன்றத்தில் தமிழ் வழக்குமொழியாகவேண்டும் என்று 2006-இல் சட்டமன்றம் கேட்டும் அது நிறைவேறவில்லை.

ஆயின் சொல்லளவில் அவர் எல்லை காக்கவில்லை. அவர்தம் நூல்களுக்கு 'விடுதலைப் போரில் தமிழகம்', 'எனது போராட்டம்' என நல்ல தமிழ்ப் பெயர்கள் வாய்த்தன. ஆனால் தம் உயிர்க் கொள்கைக்கே 'சுயாட்சி' என்னும் வடசொல்லைச் சூட்டினார். 'தன்னாட்சி' என்று சொன்னால் எவர்க்கு விளங்காது? அயலார் ஆட்சி வேண்டாம் என்னும் கொள்கைக்கு அயற்சொல்லே பெயராவது எத்துணைப் பெரிய முரண்! மறைமலையடிகள் 1916-இல் தொடங்கிய தனித்தமிழ்ப் பணி அவர்தம் இளமையிலேயே நாட்டில் பரவியிருந்தது. எனினும் மண்ணில் புகுந்த அயலாரைக் கண்ட கண், சொல்லில் புகுந்த அயலாரைக் காணவில்லை. இன்று 'தன்னாட்சி' என்பது செய்தித்தாள்களிலும் அரசு ஆவணங்களிலும் இயல்பாய் வழங்குகிறது. அது நம் இயக்கம் இட்ட உழைப்பின் பயன்.

பின்னாளில் அவர் சட்டமன்ற மேலவையின் துணைத்தலைவராகவும் தலைவராகவும் விளங்கினார். 1966-இல் வள்ளலாரைப் பற்றிய நூலுக்காகச் சாகித்திய அகாதெமிப் பரிசு பெற்றார். 1986 நவம்பர் 1-ஆம் நாள் மேலவை கலைக்கப்பெறும் வரை அதன் தலைவராய் இருந்தார். முப்பதாண்டுகளுக்கு முன் தமிழகம் எல்லை பெற்ற அதே நாளில் அவர் அமர்ந்திருந்த அவை மறைந்தது. 1995 அக்டோபர் 3-ஆம் நாள் தம் 89-ஆம் அகவையில் மறைந்தார். இறுதிக் காலத்தில் மேடைகளும் மதிப்புகளும் இருந்தன. அவர் கட்டிய தமிழரசுக் கழகம் வலுவிழந்து போயிருந்தது. ஒருவர் தோளிலேயே நிற்கும் இயக்கம் அவர் தோள் சாயும்போது தானும் சாயும்.

நமக்குரிய கடமை

இனி நம் பக்கம் திரும்புவோம். அவர் சொல்லெல்லையைக் காணவில்லை என்று குறை கூறும் நாம், மண்ணெல்லையை எவ்வளவு கண்டோம்? 'பஸ்' என்பதைப் 'பேருந்து' என்று மாற்றக் கற்ற நம் இளைஞர்க்கு, அப் பேருந்து திருத்தணி கடந்து எவ்வூரில் அயல்மாநிலம் புகுகிறதென்று தெரியுமா? தூய தமிழில் பெயர் சூடிய நம் பிள்ளைகளுள் மங்கலங்கிழார் பெயரையும் நேசமணி பெயரையும் அறிந்தவர் எத்துணைப் பேர்? சித்தூரிலும் மறையூரிலும் தமிழ்ப் பிள்ளைகள் எம்மொழியில் படிக்கிறார்கள் என்று என்றேனும் கேட்டோமா?

தமிழ்நாட்டு நாள் எது என்பதிலும் குழப்பம் நிலவுகிறது. 2019-இல் நவம்பர் 1 என்றது ஓராட்சி. 2021-இல் சூலை 18 என்றது அடுத்த ஆட்சி. சூலை 18 என்பது 1967-இல் சட்டமன்றம் 'தமிழ்நாடு' என்னும் பெயரை ஏற்ற நாள்; 76 நாள் உண்ணாநோன்பிருந்து 1956 அக்டோபர் 13-இல் உயிர் ஈந்த சங்கரலிங்கனாரின் கனவு நிறைவேறிய நாள்; அது போற்றத்தக்கதே. ஆயினும் பெயர் பெற்ற நாளைக் கொண்டாடுவார், நிலம் பெற்றதும் நிலம் இழந்ததுமான நாளை மறத்தல் ஆகாது. நவம்பர் 1 விழாவுக்குரிய நாள் மட்டுமன்று. கணக்குப் பார்க்கும் நாள்.

எனவே நம் மன்றங்கள் யாவும் ஆண்டுதோறும் நவம்பர் 1-ஆம் நாளில் எல்லை வகுப்பு ஒன்று நடத்துக. நிலப்படத்தை விரித்துவைத்து, போனது எது, வந்தது எது, போனதால் எந்த ஆறு எவர் கைக்குப் போயிற்று என்று ஊர்ப் பெயரோடு சொல்லிக் கொடுக்க. எல்லையோர ஊர்களில் தமிழ்வழிப் பள்ளிகள் எவையெவை மூடப்பெற்றன என்று நேரில் சென்று பட்டியல் எடுக்க. அவ்வூர்ப் பிள்ளைகளுக்கு மங்கலங்கிழார் செய்தது போல் ஊதியம் கருதாது தமிழ் கற்பிக்க முன்வருவார் பத்துப் பேரேனும் நம்முள் எழுக. மேடையில் நூறு நாள் முழங்குவதினும் எல்லையூரில் ஓராண்டு கற்பித்தல் பெரிது.

ம.பொ.சி. மண்ணெல்லையில் நின்று மொழியெல்லையைப் பிறர்க்கு விட்டார். நாம் மொழியெல்லையில் நின்று மண்ணெல்லையைப் பிறர்க்கு விட்டோம். இரண்டையும் ஒருங்கே காக்கும் தலைமுறை இன்னும் தோன்றவேண்டும். அத் தலைமுறை திறவுகோலையும் கேட்கும். கேட்கும் சொல்லையும் தன் மொழியிலேயே கேட்கும்.

மூன்றாம் வகுப்போடு நின்ற ஓர் எழுத்துக்கோப்பாளர் அரை நூற்றாண்டுக் காலம் ஒரு நாட்டின் எல்லையைப் பேசவைத்தார். அவரினும் மிகக் கற்ற நாம், அவர் விட்ட இடத்திலிருந்து தொடங்குவோம்!